இலையானும் ஏகாம்பரத்தின் கொல்லையும்

செங்கல்பட்டுக்கு வந்த முதல் வாரம், கடைத்தெருவில் ஒரு பாய் கடையில் நுளம்பு வலை கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, "நுளம்பா? அது இன்னா மீனு சார்? வலை வோணும்னா கோவளத்துக்குப் போ" என்றார். யாழ்ப்பாணத்து நுளம்பு இங்கே கொசு. நம் இலையான் இங்கே ஈ. எல்லாவற்றையும் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஆனால் ஏழு வருஷமாகியும், பூச்சி கடிக்கிற கணத்தில் வாயில் வருவது ஊர்ப் பெயர்தான்.

வைகாசி பத்தாம் நாள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே காட்டோரம் கொல்லை வைத்திருந்த ஏகாம்பரத்தோடு காடு பார்க்கப் போனேன். முந்தின வருஷம் அவருடைய வேர்க்கடலையைக் காட்டுப்பன்றி கிளறித் தீர்த்திருந்தது. இந்த முறையும் விளைச்சல் போனால் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக நிலக்காரர் சொல்லியிருந்தார். பன்றியைச் சுட என்னிடம் துப்பாக்கியும் வனத்துறை அனுமதியும் இருந்தன. அது பகலில் எங்கே படுக்கிறது, எந்த வழியாக இறங்குகிறது என்பதுதான் தெரியவில்லை. மழை விழுந்து புதர் மூடுவதற்குள் கண்டுபிடித்தே தீருவது என்று இருந்தோம்.

ஊரில் இருந்தபோது, வன்னிக் காட்டுக்கு அண்ணரோடு போனால் நுளம்பு அண்டாமல் உடம்பெல்லாம் வேப்பெண்ணெய் பூசுவோம். அது முதிரை மரமும் பாலை மரமும் நிழல் விரித்த காடு. இங்கே இடுப்பளவு முட்புதர், தலைக்கு மேல் வெயில். பழக்கத்தில் எண்ணெய் பூசி, உண்ணி ஏறாமல் காற்சட்டை நுனியைச் சணலால் கட்டிக்கொண்டு ஏகாம்பரத்தின் முன் போய் நின்றேன்.

"இன்னா வாத்தியாரே, தீபாவளியா? எண்ணெ தடவிகினு வந்துகீற! பன்னி அந்தாண்டையே மோந்துகினு ஓடிடும்."

குட்டையில் தேய்த்துக் கழுவினேன். பிறகு உடம்பு கொசுவுக்குத் திறந்த வீடு. பன்றிக்குச் சத்தம் கேட்கும் என்பதால் அடிக்கவும் கூடாது. காதைத் துண்டால் சுற்றி, சட்டைக் கையை இறக்கி, காற்று அடிக்கிற மேட்டுப் பக்கமாகவே நடந்தோம். இரண்டு சரிவில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில், ஏகாம்பரத்தின் கழுத்தில் பெரிய மாட்டு ஈ ஒன்று உட்கார்ந்தது. என்னையறியாமல், "கழுத்திலை இலையான்!" என்றேன்.

"இலையா? எந்த இலை?"

அவர் குனிந்து சுற்றியிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஈ ஆற அமரக் குடித்தது. காரைச்செடி ஒன்றின் முன் அப்படியே நின்றுவிட்டார். முழங்கால் உயரத்து இலைகளில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. சேற்றில் புரண்ட பன்றி உரசிப் போன தடம்.

"உன் கண்ணு கண்ணுதான் வாத்தியாரே!"

நான் அவர் கழுத்தைக் காட்டினேன். தடவிப் பார்த்தார், விரலில் ரத்தம்.

"அடப்பாவி, ஈயா? அத ஈன்னு சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சேற்று இலைகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்தோம். பாறையடியில் ஊற்றுச் சேறு, புதுக் குளம்படிகள், அங்கிருந்து கொல்லைக்கு இறங்கும் வறண்ட ஓடை. புரட்டாசியில் கடலை முற்றியபோது பன்றி அந்த ஓடை வழியாகத்தான் வந்தது. ஓடைக்கரையில் காத்திருந்து, விடியல் வெளிச்சத்தில் ஒரே குண்டில் சாய்த்தேன். குத்தகை ஏகாம்பரத்திடமே நின்றது.

அறுவடையன்று ஒரு துண்டு நிறையக் கடலை கட்டிக் கொடுத்தார். பெரும்பங்கை மனைவி அவித்தாள். ஊர்ப் பெயரில் கச்சான், கச்சான் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டோம். ஒரு பிடியை மட்டும் விதைக்காகக் காயவைத்துத் தகரப் பேணியில் போட்டேன். ஊரில் மாரி மழைக்கு ஐப்பசியில் ஊன்றுவார்கள், இங்கே ஆடியில். ஐப்பசி பிறந்துவிட்டது. ஆடிக்கு ஒன்பது மாதம் இருக்கிறது. எந்த ஊர்க் கணக்கில் ஊன்றுவது என்று முடிவாகாமல், பேணியை நான் இன்னும் திறக்கவில்லை.