அக்கா கேட்டு வாங்கிய நெற்றி

என் அக்கா செவந்தியைப் பற்றி யாராவது ‘பாவம்’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம் என்பது செய்தவர்களுக்கு வசதியான சொல். அவளுக்கு நடந்தது விதியும் இல்லை, வியாதியும் இல்லை. பட்டப்பகலில், எங்கள் வீட்டு முற்றத்தில், சொந்தக்காரர்கள் கூடி நின்று செய்தது. செய்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். மறக்கிற உத்தேசம் இல்லை.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. அப்பா சோலையப்பன் கடலை விவசாயம் செய்தவர். நாங்கள் இரண்டு பெண்கள், அக்கா மூத்தவள். அவளுக்கு நெற்றியில் முடி கூராக இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் வளைந்து ஏறி, நடுவில் வெற்றிலை நுனி மாதிரி கீழே வந்து நிற்கும். வயலிலிருந்து வந்து குளித்துவிட்டு ஈரத் தலையை வாரி ஏற்றிக் கட்டினாள் என்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் நெற்றி மொட்டையாக, வட்டமாக இருக்கும். அந்தக் கூர் எனக்கு வரவில்லையே என்று சின்ன வயதில் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். அது ஒரு குறை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை, பெண் பார்க்க ஆள் வருகிற வரைக்கும்.

1951 பங்குனியில் அறந்தாங்கியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை நாகராசு, ரைஸ் மில்லில் எஞ்சின் பார்க்கிறவர். அவருடைய ஆத்தா பெயர் சந்தனம். பெண் பார்க்க வருகிற பெண்கள் சடையை அவிழ்த்துப் பார்ப்பது அப்போது வழக்கம். சவுரி வைத்துக் கட்டியிருக்கிறதா, சுழி எங்கே இருக்கிறது என்று விரல் விட்டுப் பார்ப்பார்கள். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவனாவது மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுப்பான். சந்தனம் அக்காவின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டை விரலால் அந்தக் கூரை அழுத்தினாள்.

“பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. இந்தக் கூருதான் ஆகாது. மாமனாரத் தூக்கிரும்” என்றாள்.

அப்பா அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போய் வாருங்கள் என்று கும்பிட்டு அனுப்பியிருக்கலாம். அவரோ துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று கேட்டார். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்கு முன்பு வந்த இரண்டு இடம் வேறு காரணத்துக்காகத் தட்டிப் போயிருந்தது. அந்தப் பயத்தில் கேட்டார் என்று எங்கள் ஆத்தா சாகிற வரைக்கும் அவருக்காகப் பரிந்து பேசினாள். பயந்தவர் அவர், எரிந்தது அவள் நெற்றி. இதில் பரிந்து பேச என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

சந்தனத்திடம் பரிகாரம் தயாராக இருந்தது. அடுத்த வாரமே ஒரு கொட்டாங்கச்சியில் அரிதாரமும் சுண்ணாம்பும் குழைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முடியைப் போக்குவதற்கு அந்தக் காலத்தில் நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற சரக்குதான் அது. பூசினால் கொஞ்ச நேரத்தில் வழித்து எடுத்துவிட வேண்டும். அது சந்தனத்துக்கும் தெரியும். ஆனால் முடி மட்டும் போனால் போதாது, வேர் சாக வேண்டும் என்றாள். அக்காவை வெயிலில் உட்கார வைத்துப் பூசி, மேலே ஒரு துணியை வைத்துக் கட்டிவிட்டு, மோர் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினாள்.

எரிகிறது என்று அக்கா சொன்னாள். எரியத்தான் செய்யும் என்றார்கள். கையைக் கொண்டுபோய்த் துணியைப் பிடுங்கப் பார்த்தாள். ஆத்தா ஒரு கையையும் சித்தி ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். வேர்வையில் மருந்து கரைந்து வலது புருவம் வரைக்கும் வழிந்தது. பிறகு அவள் கத்தின கத்தில் அடுத்த தெரு ஆட்கள் ஓடிவந்த பிறகுதான் துணியை அவிழ்த்தார்கள். துணியோடு தோலும் வந்தது. எனக்கு வயது பதின்மூன்று. நான் சந்தனத்தின் கையைக் கடித்தேன். அதற்காக அப்பா என்னை அடித்தார். கடித்தது சரிதான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

புண் ஆற ஆவணி ஆகிவிட்டது. ஆவணியிலேயே கல்யாணமும் நடந்தது. வடுவின் மேல் நெற்றிச்சுட்டியைக் கட்டிப் பூவை இழுத்து மறைத்தார்கள். போட்டோ பிடிக்கிறவரை வரவே விடவில்லை. கூர் போய்விட்டது, மாமனாருக்கு ஆபத்து இல்லை என்று சந்தனம் பந்தலில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாகராசு மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷன் என்று அவருக்குப் பேர். வாயைத் திறக்காத ஆம்பளைக்கெல்லாம் ஊரில் அந்தப் பேரைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அக்கா அந்த வீட்டில் உழைத்த உழைப்பைச் சொல்லி மாளாது. நெல் அவிப்பாள், மில்லுக்குச் சோறு கொண்டுபோவாள், மாமனாருக்கு வெந்நீர் வைப்பாள். எல்லாம் முந்தானையைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டே செய்வாள். நன்றாகப் பேசிச் சிரிக்கிறவள், ஆட்கள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். சுருங்கிய தோல் வலது கண் இமையை மேலே இழுத்துக்கொண்டு போயிற்று. நான் அங்கே போய்த் தங்கிய ஒரு மத்தியானத்தில் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கண் பாதி திறந்தே கிடந்தது. அதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்ததை நான் விரட்டினேன். அப்படியே எழுந்துபோய்ச் சந்தனத்தை நாலு கேள்வி கேட்டேன். அவள் பதிலுக்கு, கண்ணைத் திறந்துவைத்துத் தூங்குகிறவள் வீட்டில் திருடன் வரமாட்டான் என்று சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாவது வருஷம் மாமனார் இறந்துபோனார். எத்தனையோ காலமாக இருமிக்கொண்டு கிடந்த மனுஷர். சந்தனம் மாரில் அடித்துக்கொண்டு, வேர் சாகவில்லை, வேர் சாகவில்லை என்று அழுதாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் அக்காவின் முந்தானையையே பார்த்தார்கள். அப்போதும் மச்சான் வாயைத் திறக்கவில்லை.

கருமாதியன்று குளத்தங்கரையில் அவருக்கு மொட்டை போட்டார்கள். வந்து பந்தலில் உட்கார்ந்தவரை நான் எதேச்சையாகப் பார்த்தேன். எப்போதும் எண்ணெய் வைத்து முடியை நெற்றியில் இறக்கி வாருகிறவர். இப்போது நெற்றி கறுப்பாகவும், மழித்த தலை வெளுப்பாகவும் கோடு போட்டதுபோலப் பிரிந்து தெரிந்தன. நெற்றிக்கு நடுவே அந்தக் கோடு கூராக இறங்கியிருந்தது. அக்காவுக்கு இருந்ததே, அதேதான். ஒரு நூல் கூடக் குறைவில்லை.

பந்தி நடக்கிறது, கருமாதி வீடு என்றெல்லாம் பார்க்கவில்லை.

“மச்சானுக்கும் கூரு இருக்கே அத்தை. அவரோட மாமனாரு எங்கப்பாதானே. அவரு இந்தா, அங்கிட்டு ஒக்காந்து ரெண்டாவது தடவ பாயசம் வாங்கிக் குடிச்சுக்கிட்டிருக்காரு” என்றேன்.

பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள். சந்தனம் அசரவில்லை. “ஆம்பளைக்கு அது யோகம்டி” என்றாள். மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் தலைத்துண்டு இல்லாமல் வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளைக்குக் கூர் இருப்பது அந்த அம்மாளுக்குத் தெரியாமலா இருந்தது. தெரிந்துதான் கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள்.

அதற்கடுத்த வருஷம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழகி என்று பெயர் வைத்தார்கள். முடி முளைக்க முளைக்க, நெற்றியில் கூரும் தெளிவாக வந்தது. தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் இருந்ததுதானே, வேறு எப்படி வரும். சந்தனம் பிள்ளையின் முன்முடியைக் கத்தரித்து நெற்றியில் தொங்கவிட்டாள். வயசுக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாதாரணமாகச் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்கா கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். அவள் கத்தமாட்டாள். அவளுடைய கோபம் உள்ளேயே கிடந்து கொதிக்கிற கோபம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அழகிக்கு எட்டு வயது ஆனபோது அக்காவின் வலது கண் மங்கிப்போனது. மூடாத கண்ணில் தூசியும் உமியும் விழுந்து சிவந்து சிவந்து, கடைசியில் பார்வைக்கே ஆபத்து என்று அறந்தாங்கி டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாள்தான் வழி காட்டினார். அவருடைய அக்கா மகன் ஸ்டவ் வெடித்து முகம் வெந்து போனவன். மதுரையில் சவரியப்பன் என்கிற டாக்டர் அவனுக்குப் புதுப் புருவமே வைத்துவிட்டாராம். காதுக்குப் பின்னாலிருந்து முடியோடு தோலை எடுத்துப் புருவத்தில் வைத்துத் தைத்தால், அது அங்கே பிடித்து வளருமாம். நான் அப்போது திருமயத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். லீவு போட்டுவிட்டு அக்காவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண் போனால் வீட்டு வேலை நின்றுவிடும் என்பதால் சந்தனமும் தடுக்கவில்லை.

டாக்டர் சவரியப்பன் அதிகம் பேசாதவர். வடுவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எப்படி ஆனது என்று கேட்டார். அடுப்படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லும்படி சந்தனம் சொல்லி அனுப்பியிருந்தாள். அக்கா உள்ளதைச் சொன்னாள், பெயர்களோடு சொன்னாள். பதினோரு வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் முதலில் தொடையிலிருந்து தோல் எடுத்துச் சுருக்கத்தை விடுவித்தார். கட்டுப் பிரித்த அன்றைக்கு அக்கா கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அது ஆறிய பிறகு மறுபடி வரச் சொன்னார். முடி இல்லாத இடத்தில் முடி வைக்கலாம், வலிக்கும், எல்லாம் பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அக்கா சரி என்றாள். இந்தத் தடவை மச்சானும் சந்தனமும் அழகியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முடி வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி சந்தனத்தை வீட்டில் உட்காரவிடவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் ஒரு குச்சியை ஊதா மையில் தோய்த்துக்கொண்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். முடிக் கோடு எங்கே வர வேண்டும் என்று அடையாளம் போட வேண்டும். நேராகவா, வளைவாகவா, எப்படி வேண்டும் என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அந்த நெற்றி விஷயத்தில் அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

சந்தனம் முந்திக்கொண்டாள். வட்டமாக வைத்துவிடுங்கள் டாக்டர், அதுதான் குடும்பத்துக்கு நல்லது என்றாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூரா வைங்க. முன்னாடி எனக்கு அப்படித்தான் இருந்துச்சு” என்றாள் அக்கா.

எவ்வளவு கீழே இறங்கியிருந்தது, பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். போட்டோ எங்கே இருக்கிறது. சந்தனத்தின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். எழுந்துபோய் அவள் கையைத் திரும்பவும் கடிக்கலாமா என்றுகூட இருந்தது.

அக்கா முந்தானையை எடுத்துத் தோளில் போட்டாள். அழகியைக் கூப்பிட்டாள். பிள்ளை எழுந்ததும் சந்தனம் அதன் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

“பிள்ளைய விடுங்க அத்தை” என்றாள் அக்கா. குரல் ஏறவே இல்லை. “இல்லாட்டி ஒங்க மகனத் துண்ட அவுத்துட்டு வந்து ஒக்காரச் சொல்லுங்க. எந்தத் தலையப் பாத்து வரைஞ்சாலும் எனக்கு ஒண்ணுதான்.”

மச்சானின் கை தலைத்துண்டுக்குப் போனது. அவிழ்க்கப் போனதா, இறுக்கப் போனதா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தனம் பிடியை விட்டுவிட்டாள்.

அழகி வந்து டாக்டருக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றாள். அக்கா பிள்ளையின் நெற்றியில் தொங்கிய முடியை இரண்டு கையாலும் வாரி ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தாங்க, இப்படித்தான். நல்லாப் பாத்துக்கங்க” என்றாள். பிறகு மகளிடம், “நீயும் நல்லாப் பாத்துக்க. இதுல யாரு கை வச்சாலும் கடி” என்றாள்.

டாக்டர் பிள்ளையின் நெற்றியை ஒரு தடவையும் தாயின் நெற்றியை ஒரு தடவையும் பார்த்துப் பார்த்து ஊதாக் கோட்டைப் போட்டு முடித்தார்.