எங்கே ரத்தம் என்று கேட்டேன்

அடி வாங்கித்தான் ஓடக் கற்றேன். கள்ளக்குறிச்சி மைதானத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த முன்னாள் ராணுவக்காரர் புளிய விளாரோடு கூடவே ஓடி வருவார். வேகம் குறைந்தால் கெண்டைக்காலில் சுரீர் என்று ஒன்று விழும். தோல் கிழிந்த இடத்தில் வியர்வை இறங்கி எரியும். அந்த எரிச்சல்கூட எனக்குப் பிடித்திருந்தது. மலையில் மரவள்ளி பிடுங்குவதை விட்டுத் துப்பாக்கி பிடிக்கப் போகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வலியா?

என் கோளாறு வேறு. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. ராணுவ மருத்துவச் சோதனையில் ஒரு புத்தகம் காட்டுவார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், அதற்குள் ஒளிந்த ஓர் எண். என்னோடு பயிற்சிக்கு வந்த மாமன் மகன் அந்தப் பக்கங்களை எங்கிருந்தோ போனில் ஏற்றி வந்தான். கரியாலூர் ஏற்றத்தில் ஓடிக்கொண்டே பாடம் நடக்கும்.

"மொதப் பக்கம்?"

"பன்னெண்டு!"

"ரெண்டாவது?"

"எட்டு!"

தப்பினால் முதுகில் குத்துவான். இரண்டே மாதத்தில் வரிசை மொத்தமும் மனப்பாடம்.

ஆளெடுப்பில் ஓட்டத்தில் இருவருமே தேறினோம். மருத்துவர் புத்தகத்தை எடுத்தார். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"பன்னெண்டு, சார்!"

வேறு பக்கம் புரட்டினார்.

"எட்டு, சார்!"

"தம்பி, இதுல நம்பரே கிடையாது. வெறும் கோடுதான் இருக்கு."

கடைசியிலிருந்து பிரித்திருக்கிறார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், என்னைக் கழித்துவிட்டார்கள். மாமன் மகன் தேறிவிட்டான்.

திரும்பி வந்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்கு நின்றபோது அவன் ஆரம்பித்தான்.

"நல்லதாப் போச்சு மச்சான். உன்ன பார்டர்ல வுட்டா நம்ம ஆளுங்களையே சுட்டுக்கினு இருப்ப."

விட்டேன் ஒரு அறை, இடது காதோடு சேர்த்து. பெஞ்சில் மோதி விழுந்தான். மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து குத்தினேன். வாயிலும் மூக்கிலும் குத்தினேன். மைதானத்தில் வாங்கியது அத்தனையும் என் கையில் இருந்தது.

"டேய், ரத்தம்டா! வுடுடா அவன!" டீக்கடைக்காரர் கத்தினார்.

"எங்க ரத்தம்?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். ஊரார் பச்சை என்று சொல்லும் அவன் பனியனில் வியர்வை ஈரம்தான் எனக்குத் தெரிந்தது. மறுபடி கை ஓங்கினேன்.

"இன்னா திமிரு பாரு இவனுக்கு!"

நாலைந்து பேர் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலாவில் விழுந்த உதையில் மூச்சு நின்றது. காதைப் பொத்திக்கொண்டு அவன்தான் குறுக்கே விழுந்தான்.

"அடிக்காதீங்கண்ணே! அவனுக்கு மெய்யாவே தெரியாதுண்ணே!"

பணியில் சேரப் போன இடத்தில் அவன் காதுக்குள் மறுபடி விளக்கடித்துப் பார்த்திருக்கிறார்கள். சவ்வு கிழிந்திருந்தது. பைக்கில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பையோடு நேராக எங்கள் மரவள்ளிக் கொல்லைக்கு வந்தான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அடிடா என்ன," என்றேன்.

"இன்னா? இந்தப் பக்கமா வந்து சொல்லு."

வலப்பக்கம் போய்ச் சொன்னேன். அதற்கப்புறம்தான் அடித்தான்.