நர்சம்மாவிடம் சொல்லாத சத்தம்

ஊசி போடுவதற்கு முன்னால் நர்சம்மா திங்கட்கிழமைதோறும் மூன்று கேள்வி கேட்பார். தலை சுற்றுகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, காதில் ஏதாவது சத்தம் கேட்கிறதா. கேட்டுக்கொண்டே பஞ்சை ஸ்பிரிட்டில் நனைப்பார். வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு மறைப்புத் துணிக்குப் பின்னால் போவோம். நானும் இல்லை என்றுதான் சொன்னேன். முதல் மாதம் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பொய்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை வீடு, கூடத்தில் என் வீட்டுக்காரரின் தறி, அடுக்களையை ஒட்டி நான் பட்டு நூல் சுற்றுகிற ராட்டை. மகளுக்கு ஒரு வயது முடிந்த கையோடு எனக்கு இருமல் பிடித்தது. பிறகு இருமலோடு ரத்தம் வந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டி.பி. என்றார் டாக்டர். தினமும் ஊசி, கூடவே மாத்திரை. அதற்கெல்லாம் நான் கலங்கவில்லை. கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் ஆடிப்போனேன். சளியில் கிருமி இல்லை என்று அவர் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் குழந்தை என்னிடம் இருக்கக்கூடாதாம்.

வாலாஜாபாத் தாண்டி ஒரு கிராமத்தில் என் அம்மா வீடு. அம்மா வந்து மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்போது மகளுக்குப் பேச்சு வரவில்லை. ஏதோ தனக்குத்தானே மழலையில் உளறிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். பேசத் தொடங்குவதற்குள் அவளைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அந்த வெறியோடுதான் தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

தெரு என்னை ஒதுக்கி வைத்தது என்று சொன்னால் அது கொஞ்சம் மரியாதையான வார்த்தை. குழாயடியில் என் குடத்துக்கு முன்னாலும் பின்னாலும் இன்னொரு குடம் வைக்கிற அளவு இடம் விட்டார்கள். நூல் வாங்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு செத்துப்போவேனோ, மகள் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்வது நோயினாலா பயத்தினாலா என்று தெரியாது.

அப்படி ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், வீட்டுக்காரர் ஒரு சங்கத்தில் கிளார்க். வந்தவர் முழங்கால் இடிக்கிற மாதிரி என் எதிரிலேயே உட்கார்ந்தார். மூக்கை மூடவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் என்ன சொன்னாலும் கேட்டிருப்பேன்.

"என்னாம்மா இப்புடி ஒக்காந்துக்கினு இருக்கிற? கண்ணை மூடு. மூச்சு போறதயும் வர்றதயும் மட்டும் பாரு. வேற ஒண்ணும் பண்ணாத," என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒழுங்காக மூச்சு விட முடியாமல்தானே ஆஸ்பத்திரிக்கு அலைகிறேன், அதை உட்கார்ந்து வேறு பார்க்க வேண்டுமா? ஆனாலும் உட்கார்ந்தேன். வாரம் ஒருநாள் ஒரு மண்டபத்தில் கூடுகிற தியானக் கூட்டத்துக்கு அக்கா ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருந்தார். அங்கே கற்றதை எனக்குத் தினமும் சொல்லித் தந்தார். பத்துப் பதினைந்து நாளில் நடுக்கம் நின்றது. சோறு இறங்கியது. டாக்டரே எடை கூடியிருக்கிறது என்றார். எனக்கு அக்கா தெய்வமாகத் தெரிந்தார்.

ஊசி ஆரம்பித்து ஒரு மாதம் போயிருக்கும். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது காதுக்குள் சில்லென்று ஒரு சத்தம். சில்வண்டு என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். நிற்கவில்லை. காதைப் பொத்தினேன், இன்னும் உரக்கக் கேட்டது. நோய் மண்டைக்கு ஏறிவிட்டது என்றே முடிவு கட்டினேன். எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"அடியம்மா! நாதம்மா அது! உள்ள இருக்கிற ஓசை. நான் ஆறு வருசமா ஒக்காந்துக்கினு இருக்கேன், எனக்கு ஒரு கொசு சத்தம்கூட கேட்டதில்ல. ஒனக்கு ஒரே மாசத்துல வந்துட்டுது பாரு!"

பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதம்மா. சொன்னா போயிடும்," என்றார்.

அடுத்த திங்கட்கிழமை நர்சம்மா கேட்டார். "காதுல எதனா சத்தம் கேக்குதாமா?" கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஊசி, முகத்தில் வேலைக் களைப்பு. நான் அவர் கண்ணைப் பார்த்து, "இல்லிங்கம்மா," என்றேன்.

சாமி சமாச்சாரம் என்பதால்தான் சொல்லவில்லை என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மாகறலிலிருந்து வருகிற ஒரு பெரியவர் முந்தின வாரம் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அவருக்கு ஊசியை நிறுத்தி, டாக்டரிடம் அனுப்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் நிறுத்தினால் மகள் வருவது தள்ளிப்போகும். அந்தக் கணக்கும் உள்ளே ஓடியது. ஊசிக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லாமலா அந்தம்மா வாரா வாரம் கேட்கிறார் என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

சத்தம் நாளுக்கு நாள் ஏறியது. அக்கா அதற்கும் வழி சொன்னார். "வெரட்டாத. பயப்படாத. வந்தா வரட்டும்னு அதுக்குள்ளயே ஒக்காரு." அப்படியே செய்தேன். நிஜமாகவே அடங்கினேன். சத்தம் அடங்கவில்லை, நான் அடங்கினேன். இதைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்கும் தினமும் காலையில் உட்காருகிறேன், இன்றைக்கும் அது கைகொடுக்கிறது. காது இரைகிறது, பைத்தியம் பிடிக்கும்போல இருக்கிறது என்று யாராவது வந்தால் உட்காருங்கள் என்றுதான் சொல்லுவேன். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து உட்காருங்கள் என்பேன். அக்காவின் வழி நல்ல வழிதான். அது நல்ல வழியாக இருந்ததுதான் எனக்கு வினையாகிப் போனது. பயந்திருந்தால் கத்தியிருப்பேன், கத்தியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

ஒருநாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ராட்டை கிறீச்சென்று கத்தும், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"ராட்டைக்கு எண்ணெ போட்டீங்களா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார். "இல்லியே. கத்திக்கினுதான இருக்குது?" என்றவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன். அவர் வெகுநேரம் தறியைத் தொடவில்லை.

அதற்கப்புறம் ஓட்டு இடுக்கில் குருவிக் குஞ்சுகள் வாயை வாயைத் திறந்து மூடின, ஒரு சத்தமும் வரவில்லை. குஞ்சுகளுக்குத் தெம்பு இல்லை என்று நினைத்தேன். தெருவில் ஒரு பால்காரர் சைக்கிளோடு என் மேல் வந்து மோதினார். "மணி அடிக்கத் தெரியாதா?" என்று சண்டைக்குப் போனேன். அவர் கட்டைவிரல் அப்போதும் மணியின் மேலேயே இருந்தது. கோயில் பிரகாரத்தில் நடந்தபோது தரை சாய்ந்து, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது.

"வெளிச் சத்தம் ஒவ்வொண்ணா உதுருதும்மா. பொலன் ஒடுங்குது. உள்ள போவப் போவ அப்புடித்தான்."

யாரிடமும் சொல்லாதே என்றவர் தன் கூட்டத்தில் மட்டும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அவரோடு நாலைந்து பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். டி.பி. வீடு என்று தெருவைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அது எப்படிக் கேட்கிறது, வலது காதிலா இடது காதிலா என்று கேட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், ஒருத்தியும் குடிக்கவில்லை, அது அப்போது உறைக்கவில்லை. மரியாதையினால்தான் எல்லோரும் என்னிடம் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வாயையே பார்த்தால்தான் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபட்டது.

அந்த வாரம் அம்மா யாரையோ விட்டு எழுதிய கார்டு வந்தது. பாப்பா நன்றாகப் பேசுகிறது, கோழி என்கிறது, ஆயா என்கிறது, உன் கல்யாண போட்டோவைக் காட்டினால் அம்மா என்கிறது என்று இருந்தது. அந்த வரியை வீட்டுக்காரரை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். இரண்டாவது முறை படித்துவிட்டுக் கார்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் பின்னாடி நின்னு கூப்புட்டா நீ திரும்ப மாட்டன்ற. நாலு நாளா பாத்துக்கினு இருக்கேன். நாளைக்கு ஆஸ்பத்திரில சொல்லிடு."

"எனக்கு ஒரு நல்லது நடந்தா ஒங்களுக்குப் பொறுக்காதா? ஊசி நின்னுபோச்சுன்னா கொழந்தய எப்ப கூட்டியாறது?" என்று அவர்மேல் பாய்ந்தேன். நோயாளியிடம் என்ன பேசுவது என்று அவர் தறிக்குப் போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்னும் இரண்டு திங்கட்கிழமை போனது. மூன்றாவது திங்கட்கிழமை நான் மறைப்புக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்சம்மா எனக்கு முதுகு காட்டி மருந்தை ஊசியில் இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்டிருந்தவர் மெதுவாகத் திரும்பினார். என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார், நான் பதில் சொல்லவில்லை. மறுபடி முதுகைக் காட்டினார். திரும்பினார். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார், அவள் என்னைப் பார்த்தாள். நர்சம்மா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காதோரம் வைத்தார். "கேக்குதா?" என்று உதடு கேட்டது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாதம் எங்கும் போகவில்லை, அது இரண்டு காதிலும் கத்திக்கொண்டிருந்தது. கடிகாரம்தான் இல்லை.

ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு அவர் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் காது சோதிக்கிற ஒரு இரும்புக் கவையைத் தட்டித் தட்டி என் தலையில் வைத்துப் பார்த்தார். ஊசி மருந்து காது நரம்பைத் தின்கிறது, சத்தம் கேட்ட முதல் வாரமே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாம், போனது போனதுதான், இன்னும் கொஞ்சம் போகும் என்று என் வீட்டுக்காரரை வரவழைத்துச் சொன்னார். அதை வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்த பிறகு என் எதிரில் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நாங்கள் கிளம்பியபோது நர்சம்மா மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடவே வந்தார். அவருக்கு என்மேல் கோபமா தன்மேல் கோபமா தெரியாது, அழுதுகொண்டே திட்டினார். "கேட்டனேம்மா. வாரா வாரம் கேட்டனே." அந்த உதடுகளை இப்போதும் என்னால் படிக்க முடியும்.

அக்கா அன்று சாயங்காலமே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது வாசலில் நின்று, என் முகத்துக்கு நேராகக் கேட்டார். "அது இன்னும் கேக்குதாம்மா?" கேட்கிறது என்றேன். அவர் முகத்தில் ஒரு நொடி வந்துபோனது ஆசைதான், நான் பார்த்தேன். அவரை என்னால் வெறுக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

நோய் மாத்திரையிலேயே தீர்ந்தது. மகள் அம்மா வீட்டுக்குப் போன எட்டாவது மாதம், சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்குள் தறியின் தடதடப்பும் என் வீட்டுக்காரர் கத்தினால் அவர் குரலும் மட்டும்தான் எனக்கு மிச்சம். பெண்கள் குரல் ஒன்றுகூட இல்லை.

வாலாஜாபாத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வழியாக நடந்து அம்மா வீட்டுக்குப் போனோம். மகள் களத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். தலைமுடி வளர்ந்து ரிப்பன் கட்டியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு என் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கட்டாயப்படுத்தக் கூடாது, தானாக வரட்டும் என்று நான் கிணற்றடிக்குப் போய்க் குனிந்து கால் கழுவினேன். பழகுவதற்கு ஒருநாள் ஆகும், இரண்டு நாள் ஆகும், ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதுகில் ஏதோ சுரீரென்று பட்டது. திரும்பினேன். நாலடி தூரத்தில் மகள் நின்றிருந்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, கையில் இன்னொரு கல். அம்மா ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து வாயை அகல அகலத் திறந்து சொன்னாள்.

"எவ்ளோ நேரமா அம்மா அம்மான்னு கூப்புட்டுக்கினு இருக்குது! நீ திரும்பவே இல்ல. அதான் அடிச்சிட்டுது."

ஈரத்தரையில் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தேன். இன்னொரு தடவை கூப்பிடு கண்ணு என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்தச் சின்ன உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. நான் "கேட்டுச்சுடி" என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டேன்.