எண்ணூர் ஆத்து மடவை

போன வாரம் எம்.கே.பி. நகரில் ஒரு நண்பனின் கல்யாண வரவேற்பு. பிரியாணி முடிந்ததும் கை கழுவ வெந்நீர்க் கிண்ணம் வந்தது. அதில் ஒரு எலுமிச்சைத் துண்டு மிதந்தது. விரலை விட்டேன். அவ்வளவுதான், மனசு பழையபடி காசிமேட்டுப் பக்கம் போய்விட்டது.

கல்லூரி முடித்த கையோடு துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெளியூர்க்காரர்கள் காரில் வந்து, படகுகளைப் படம் பிடித்துவிட்டு, பசியோடு உட்காரும் கடை. என் வேலை மீனைக் காட்டுவது. ஒரு பெரிய வஞ்சிரத்தை ஐஸ் தட்டில் படுக்க வைத்து மேசை மேசையாகத் தூக்கிப் போவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அது திரும்ப ஐஸுக்கே போகும், சட்டியில் விழுவது வேறு மீன். சமையல் செய்த பஷீர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தான். வண்ணாரப்பேட்டைக்காரன், வாய் சும்மா இருக்காது. "மாமு, மாப்ளைக்கு வேர்த்துட்சு பாரு. ரெண்டு எலுமிச்ச தேச்சு வுடு."

எலுமிச்சைதான் அந்தக் கடையின் தெய்வம். மீனுக்கு முன்னால் எலுமிச்சை, மேலே எலுமிச்சை, முடிந்து கை கழுவவும் எலுமிச்சை.

எனக்கு அப்போது ஊர்ப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. எண்ணூருக்குப் பக்கத்துத் திருவொற்றியூர்ப் பிள்ளை இல்லையா. முதலாளியிடம் மன்றாடி வாசல் பலகையில் நானே எழுதினேன்: 'எண்ணூர் ஆத்து மடவை'. முகத்துவாரத்துச் சேற்றை மேய்ந்து வளர்ந்த மீன் அது. தின்றால் அடிநாக்கில் லேசாகச் சேறு மணக்கும். எங்களுக்கு அதுதான் ருசி. வந்தவர்களோ ஒரு வாய் வைத்துவிட்டு, மண் வாடை அடிக்கிறது என்று தட்டைத் தள்ளினார்கள். பத்து நாளில் முதலாளி எங்கிருந்தோ தெர்மாகோல் பெட்டியில் மடவை வரவழைத்தார். ஐஸில் ஊறிப்போன, எந்த ஊர் வாசனையும் இல்லாத மீன். பலகை மட்டும் அப்படியே இருந்தது. அழகான கையெழுத்து, எனக்கு அழிக்க மனம் வரவில்லை.

அமுதா அக்கா அந்தப் பலகையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தாள். எங்கள் தெரு முனையில் மீன் விற்பவள். முகத்துவாரக்குப்பத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அன்றிலிருந்து அக்கா மீன் விற்பாள், தின்னமாட்டாள். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. நீ மீன் தின்றால்தான் ஆச்சு என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

அக்கா நேராக மாப்பிள்ளையிடம் போனாள். பழக்கதோஷம், கட்டை விரலால் செவுளைத் தூக்கினாள்.

"இன்னா நைனா, மாப்ளைக்கு ஒரு பொட்டு ரத்தம் இல்ல."

உள்ளேயிருந்து பஷீர் சிரித்தான். எனக்கு அந்தப் பெயரை இவளுக்கு யார் சொன்னது என்ற ஆச்சரியம். இப்போது யோசித்தால், செத்த மீனைக் குளிப்பாட்டி அலங்கரித்து வைத்தால் யாருக்கும் அந்தப் பெயர்தான் தோன்றும்போல.

"அத்த வுடு. ஆத்து மடவ கீதுன்னு போட்டுக்குற. மெய்யாலுமா? அந்தாளு கடைசியா வூட்டுக்குக் கொணாந்தது அதான். துண்ணா அதத்தான் துண்ணுவேன்."

முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மேல் பழி போடுவது சுலபம். உண்மையில், அந்தப் பலகை பொய் என்று என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஆமாக்கா," என்றேன்.

தட்டு வந்தது. அக்கா எலுமிச்சைத் துண்டை எடுத்து ஓரமாக வைத்தாள். ஆத்து மடவைக்கு எதற்கு எலுமிச்சை? ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். பிறகு ஒதுக்கிய எலுமிச்சையை மெல்லத் திரும்ப எடுத்து, மீன் முழுக்கப் பிழிந்தாள்.

"எப்டிம்மா கீது?" என்றாள் மகள்.

"நல்லாகீதுடி. துண்ணு."

முள் மட்டும் மிச்சம் வைத்து எழுந்தாள். கிண்ணத்தில் கை கழுவினாள். நான் துண்டை நீட்டினேன். வாங்காமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"பலகைல கீற அந்தப் பேர அழிச்சுடு நைனா."

அழித்தேன். அந்த மாதமே வேலையையும் விட்டேன். வேறு யாரோ அதைத் திரும்ப எழுதிவிட்டார்கள். இப்போது பெரிய ஃபிளெக்ஸ், வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுக்கிறார்கள். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் படிந்து கிடக்கிறது. வலை போட்டால் கறுத்துப்போய் வருகிறதாம். ஆத்து மடவையைச் சந்தையில் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது. தெரு முனையில் அக்காவும் இல்லை. மகளோடு போய்விட்டாள் என்கிறார்கள்.

வரவேற்பு முடிந்து நடந்து வரும்போது விரலை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். அன்று 'இல்லக்கா' என்று சொல்லியிருந்தால் அவள் வைதுவிட்டு எழுந்து போயிருப்பாள். அந்த மனிதர் கடைசியாகக் கொண்டுவந்த மீனின் சேற்று ருசி அவள் நாக்கில் அப்படியே இருந்திருக்கும். அந்த ருசி மிச்சமிருந்த கடைசி இடத்தில்தான் நான் எலுமிச்சையைக் கொண்டுபோய் வைத்தேன்.