மூடியைத் திறந்து பார்க்கிறவர்

குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை லீவில் வந்தபோது எங்களுக்கென்று ஒரு ரொட்டி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாவு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாவற்றையும் போட்டுப் பொத்தானை அமுக்கினால் போதுமாம். அதுவே பிசைந்து, பொங்கவிட்டு, சுட்டும் கொடுத்துவிடுமாம். குன்னூரில் திரும்பின பக்கமெல்லாம் பேக்கரி. திருநெல்வேலிக்கே அல்வாவா என்று நான் கேலி செய்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போது வேலை இல்லை.

அவர் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன சமயம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று இத்தலார் பக்கம் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். கொழுந்து வராத ஃபேக்டரியை முதலாளி பூட்டினார். விலை ஏறினதும் கூப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னார். இவர் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திருப்பூரில் இருக்கும் என் அண்ணன் சாயப்பட்டறையில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். ஃபேக்டரி திறக்கும், மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று இவர் மறுத்துவிட்டார்.

டீ மேக்கருக்கு மூக்குதான் சோறு போடும். அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்கவிட்டு, பச்சை வாசம் போய்ப் பழுத்த வாசம் வரும் நேரத்தில் ட்ரையருக்குள் உலர்த்த அனுப்ப வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தூள் வீண். கை நிறைய அள்ளி முகர்ந்துதான் அவர் அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பார். அந்த மூக்கைக் காப்பாற்றுவதற்காக எங்கள் வீட்டில் ஊதுபத்தி கிடையாது, பவுடர் கிடையாது, கருவாடு கிடையவே கிடையாது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தாலே எழுந்து போய் ஜன்னலை அடைப்பார். எனக்கோ கருவாடென்றால் உயிர். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

இப்படிப்பட்டவரிடம் மாவு பொங்கவைக்கும் மெஷினைக் கொடுத்தால் என்ன ஆகும்? பொங்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. படித்துக் காட்டினேன்.

“புளிக்கறத மோந்து பாக்காம எப்படி அம்மிணி உடறது?” என்றார்.

மாவு உப்பி வரும் நேரம் பார்த்து மூடியைத் திறந்து தலையைக் கொடுப்பார். குன்னூர்க் குளிர் அவருக்கு முந்தி உள்ளே போய்விடும். அதோடாவது விட்டாரா? கொழுந்து புளிக்கிற இடம் குளுகுளுவென்று இருக்க வேண்டுமாம். துண்டை நனைத்து மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ரொட்டி நடுவில் குழி விழுந்து செங்கல்லாக வரும். தேநீரில் முக்கித்தான் கடிக்க முடியும். ஆத்திரம் ஆத்திரமாக வரும் எனக்கு. ஆனால் முகர்ந்துவிட்டு நிமிரும்போது அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். ஷிப்டில் நிற்கிற மனிதரின் முகம். அதைப் பார்த்ததும் என் வாய் அடங்கிவிடும்.

ஒரு நாள் காலையில், ஃபேக்டரி ட்ரையரைப் பிரித்துப் பழைய இரும்புக்கு லாரியில் ஏற்றுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது நான் போட்டிருந்த மாவு மெஷினுக்குள் பொங்கிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் மூடிமேல் கையை வைத்தார். திறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உங்கண்ணனுக்குப் போன் பண்ணு அம்மிணி.”

அன்றைக்குத்தான் ரொட்டி முதல்முறையாகக் குழி விழாமல், கும்மென்று எழும்பி வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சமையலறையில் நின்று அழுதேன்.

திருப்பூரில் அவருக்கு பிளீச்சிங் போடும் இடத்தில் வேலை. சில மாதம் கழித்து லீவில் வந்தார். துவைத்த சட்டையிலும் மூக்கை எரிக்கும் அந்த பிளீச்சிங் நெடி இருந்தது. அவர் வருகிறார் என்று ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது, இப்போது திறந்து பார்க்க ஆளில்லையே. சூடாக ஒரு துண்டைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுத் தின்றார்.

பிறகு பையைத் திறந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினார். பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவாடு.

“வறுத்துக்க அம்மிணி. எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல.”

வறுத்தேன். வீடெல்லாம் வாடை நிறைந்தது. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஜன்னல் திறந்தே கிடந்தது.