பங்காளி கொடுத்த சர்வர்

நாமக்கல்லில் நர்மதா அக்காவின் திருமணத் தகவல் மையத்துக்கு, மறுமணம் தேடும் பெண்கள் தூரத்திலிருந்தும் வருவார்கள். அவர்களை மட்டும் பின்னறையில் உட்கார வைத்து, "உன்ர வெலாசம் என்னைத் தாண்டிப் போகாது அம்மிணி" என்பார். விதவையான அக்கா இரண்டு பிள்ளைகளை வளர்த்தது அந்த ஒரு வாக்கை வைத்துத்தான். ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

அப்படி வந்தவள்தான் தனப்பிரியா. கன்னத்தில் இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்த தழும்பு. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் கௌதமனிடமிருந்து விவாகரத்து வாங்கி, மகளோடு எடப்பாடியில் ஒரு தறிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தாள்.

"எங்க இருக்கறம்னு தெரிஞ்சா கொழந்தையத் தூக்கிட்டுப் போயிருவானுங்க்கா."

மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள் என்று, குழந்தையின் பள்ளிக்கூடப் பெயரைக்கூட அக்கா கேட்டுப் பதியச் சொன்னார்.

மையத்துக்கு வெப்சைட் தொடங்கியபோது சேலத்துக் கம்பெனியிலிருந்து வின்சென்ட் வந்தார். "தகவல் எல்லாம் உங்களுது மேடம். எங்க ஆளுங்க திறந்து பார்க்க மாட்டாங்க. விலகிப் போனா மொத்தமா எடுத்துட்டுப் போகலாம். எழுதியே தர்றோம்" என்றார்.

ஆனால் மோகன்குமார் குறுக்கே வந்தான். அக்காவின் கணவருக்குப் பங்காளி, ஒரே குலக் கூட்டம்; தகவல் சேமிக்கும் சர்வர் சொந்தமாக வைத்து கம்ப்யூட்டர் கடை நடத்துகிறவன். "ஏனுங்க அண்ணி, நானிருக்கறப்ப வெளியாளுக்கா? என்ர சர்வர்ல சும்மா வெச்சுக்கங்க."

"அவர்கிட்டயும் இதையே எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கங்க" என்றார் வின்சென்ட்.

அக்கா சிரித்துவிட்டார். "பங்காளிகிட்டக் கையெழுத்துக் கேட்டா, நாளைக்கு எம்புள்ள கல்யாணத்துக்கு எவன் வந்து நிப்பான்?"

ஆனி மாதம் ஒரு மத்தியானம் தனப்பிரியா ஓடிவந்தாள். கையில் மகளின் சாப்பாட்டுப் பை. பள்ளிக்கூட வாசலிலேயே கௌதமன் குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம்.

"ஸ்கூல் பேரு உங்களுக்கு மட்டுந்தானுங்க்கா தெரியும்."

அக்கா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு மோகன்குமாருக்குப் போன் போட்டார். நான் உள்ளேதான் இருந்தேன்; ஸ்பீக்கரில் அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"ஆமாங்க அண்ணி, நாந்தான் எடுத்துக் குடுத்தேன். கௌதமனும் நம்ம கூட்டந்தானுங்க. எம்புள்ளயப் பாக்கோணும்னு பங்காளி வந்து அழுதா, இல்லைங்கறதா?"

"என்னைக் கேக்காம எப்புடித் தம்பி தொறந்த?"

"என்ர ஊட்டு அலமாரியத் தொறக்க யாரைக் கேக்கோணும்?"

"எல்லாத்தையும் குடுத்துரு. அங்க இருக்கறத அழிச்சிரு."

"அழிக்கறதுக்கில்லீங்க. போலீசுக்குப் போனா, பொண்ணுக வெலாசம் உங்க மையத்துல இருந்துதான் போச்சுன்னு ஊருக்கே தெரியும். யோசிச்சுக்கங்க."

அக்கா போனை வைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

"இங்கிருந்து ஒண்ணும் போகல அம்மிணி. நீயே எங்காச்சும் வாய விட்டிருப்ப. நல்லா நெனச்சுப் பாரு."

தனப்பிரியா திகைத்தாள். "யார்கிட்டயும் சொல்லலீங்களே..." என்றாள். பையின் காதைத் திருகிக்கொண்டே யோசித்தாள். "சென்னம்மாகிட்டச் சொன்னனோ என்னமோ. பக்கத்துத் தறிக்காரி. ஒருக்கா அவதான் கொழந்தைய ஸ்கூல்ல இருந்து கூட்டியாந்தா."

"அப்ப அவளப் போய்க் கேளு."

"தப்பா நெனச்சுட்டனுங்க்கா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சென்னம்மாளைத் தலைமுடியைப் பிடித்து அடித்ததில் தனப்பிரியாவின் தறி வேலை போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். குழந்தை கிடைத்ததா என்று தெரியவில்லை. வெப்சைட்டில் விலாசமில்லாமல் போட்ட அவள் படம் அப்படியே இருக்கிறது. படத்துக்குக் கீழே, 'ஒரு பெண் குழந்தை, தாயுடன்' என்று.