கையைத் தள்ளிய மூச்சு

பாளையம்பட்டியில் ஒருநாள் என் பன்னிரண்டு வயது மகளுக்குத் தலை அலசிவிட்டேன். அவள் குனிந்தபோது முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தது. பதறிப்போனேன்.

“எலும்பு வைத்தியர்ட்ட போயி அமுக்கி நிமித்திருவோம்” என்றார் கணவர்.

“அமுக்குனா நேராயிருமாப்பா? மறுபடி வளைஞ்சிராதா?” என்று மகள் கேட்டாள். முதலில் அதைத் தெரிந்துகொள்வோம் என்று மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம்.

“முதுகெலும்பு வளைஞ்சு முறுக்கியும் இருக்கும்மா. முரட்டுத்தனமா அமுக்காம வந்தீங்களே, நல்லதாப் போச்சு” என்றார் டாக்டர்.

அங்கே பயிற்சி கொடுக்கும் பெண், பள்ளமாயிருந்த இடது விலாவில் லேசாகக் கைவைத்து, “மூச்சை இழுத்து என் கையைத் தள்ளு தாயி” என்றார். மகள் மூச்சிழுக்க, பள்ளம் விரிந்து அவர் கை மெல்ல எழும்பியது. அதிசயமாகப் பார்த்தேன்.

மகள் அந்தப் பயிற்சியைத் தினமும் செய்கிறாள். வளைவு மறையவில்லை, கூடவும் இல்லை. இப்போதெல்லாம் யார் எந்த வைத்தியம் சொன்னாலும், அது எப்படிக் குணமாக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதிக்கிறேன்.